காட்டு மரத்துக்கு மகரந்தம் சுமப்பது யார்? வாசகர் கேள்விகள்

கே: சிங்கப்பூரின் புக்கிட் தீமா விரைவுச்சாலை காட்டை இரண்டாகப் பிரித்துவிட்டது. இந்தப் பக்கத்து மகரந்தம் அந்தப் பக்கம் போகுமா? (புக்கிட் பாஞ்சாங் வாசகி)

ப: சுமக்கிற ஆளைப் பொறுத்தது. மலைத்தேனீ கிலோமீட்டர் கணக்கில் பறக்கும், சாலையெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கொசுத்தேனீ கூட்டை விட்டு அவ்வளவு தூரம் போகாது. 2013ல் சாலைக்கு மேலே கட்டிய, மரம் நட்ட பாலம் முக்கியமாக அலங்கு (எறும்புதின்னி), புனுகுப்பூனைகளுக்காகத்தான்.

கே: அத்திப்பழத்துக்குள் செத்த குளவி இருக்குமாமே? (ஈசூன்)

ப: காட்டு அத்தியில் இருக்கும். அத்தியின் பூக்கள் காய்க்குள்ளேதான் பூக்கின்றன, அதன் நுனியில் உள்ள இண்டுவழியே இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத பெண் குளவி நெருக்கியடித்து நுழையும்போது இறக்கையே பிய்ந்துபோகும். மகரந்தத்தைச் சேர்த்து, முட்டையிட்டு, அங்கேயே செத்துவிடும். அப்புறம் உள்ளே பிறக்கும் ஆண்கள் வெளியே போக வழி குடைந்து கொடுக்க, இளம் பெண்கள் மகரந்தத்தோடு கிளம்புகின்றன. ஆயுள் ஓரிரு நாள். அதற்குள் எவ்வளவு தூரம் போய்விட முடியும் என்றுதானே தோன்றுகிறது? மர உச்சிக்கு மேலே ஏறிக் காற்றோடு போய், தன் இன அத்தியின் வாசனை வந்ததும் இறங்குகின்றன. நமீபியப் பாலைவனத்தில் மகரந்தம் 160 கிலோமீட்டர் வரை போயிருக்கிறது, ஏறக்குறைய இங்கிருந்து மலேசியாவின் மூவார் வரை! கடையில் விற்கும் அத்தியில் பல ரகங்களுக்குக் குளவியே தேவையில்லை, தைரியமாகச் சாப்பிடுங்கள்.

கே: மெராந்தி மரங்கள் பல வருடத்துக்கு ஒருமுறைதான் பூக்கின்றன. அத்தனை பூவுக்கும் திடீரென்று பூச்சி எங்கிருந்து வரும்? (தெம்பனிஸ்)

ப: நல்ல கேள்வி. மலேசியாவின் பாசோ காட்டில் மெராந்திக்கு மகரந்தம் சுமப்பது இலைப்பேன், ஆமாம், மிளகாய்ச் செடியைப் படுத்தும் அதே வகையறா. மொட்டுக்குள்ளேயே முட்டையிட்டு மளமளவென்று பெருகிவிடும். காலையில் உதிரும் இதழ்களோடு தரைக்கு வந்து, சாயங்காலம் புதிதாக விரியும் பூக்களுக்கு மறுபடி மேலே ஏறும். சரவாக்கின் லம்பிர் காட்டில் அதே வேலையை வண்டுகள் செய்கின்றன.

கே: தாழ்வாரத்துப் பூச்செடியில் பெரிய கருவண்டு ரீங்காரமிடுகிறது. மருந்து அடிக்கலாமா? (வீவக அடுக்குமாடி வாசகர்)

ப: வேண்டாம். அது தச்சுத்தேனீ. காட்டோரத்துச் செண்டுடொக் என்ற புதர்ச்செடிப் பூவின் மகரந்தப்பை நுனியில் ஒரு துளைதான், இது பிடித்துக்கொண்டு அதிர்ந்தால்தான் உப்புக்குடுவை மாதிரி மகரந்தம் கொட்டும். ஆணுக்குக் கொடுக்கே கிடையாது. பெண்ணும் கையால் பிடித்தால்தான் கொட்டும்.