மாடல் ரயில் இன்ஜினில் கொசு ரீங்காரம்: 3 வாட் ஸ்பீக்கர் வாங்கினால் சரியாகுமா?

கேள்வி: என்னுடைய ஹெச்ஓ அளவு (1:87) டீசல் இன்ஜினில் லோக்சவுண்ட் 5 டிகோடரும் (இன்ஜினை இயக்கி, சத்தமும் எழுப்பும் மின்சுற்றுப் பலகை), 11×15 மி.மீ. ‘சுகர் க்யூப்’ ஸ்பீக்கரும் (8 ஓம், 1 வாட்) போட்டிருக்கிறேன். ஸ்பீக்கரை இருபக்க டேப்பால் சேசிஸில் ஒட்டினேன். உறுமல் கொசு ரீங்காரம் மாதிரிக் கேட்கிறது. ஹாரன் அடித்தால் கரகரவென்று கிழிகிறது. விற்றவரோ, “3 வாட் இரட்டை ஸ்பீக்கர் செட் போடுங்கள், சரியாகிவிடும்” என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். உங்கள் ஸ்பீக்கருக்குப் பின்னால் பெட்டி இல்லை. புதுசாக எதை வாங்கி அதே டேப்பில் ஒட்டினாலும் இதே சத்தம்தான் வரும்.

ஸ்பீக்கரின் டயாஃப்ரம் (அதிரும் மெல்லிய தகடு) முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் காற்றை இழுக்கிறது. இந்த இரண்டும் சந்திக்க வழி இருந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். முதலில் போவது அடித்தொனி, அதாவது டீசல் இன்ஜினின் உறுமல். பின்னால் அடைபட்ட காற்று இல்லாததால் டயாஃப்ரம் அளவுக்கு மீறி ஆடுகிறது. ஹாரன் கிழிவது அதனால்தான். இன்ஜினின் மேலுறையையே பெட்டியாக நினைக்க வேண்டாம். ஜன்னல், கைப்பிடித் துளை, போகிக்கு (அடியிலுள்ள சக்கரத் தொகுதி) மேலுள்ள இடைவெளி என்று அதில் எல்லாமே ஓட்டை.

சந்தேகம் இருந்தால் மேசை மேலேயே சோதித்துப் பாருங்கள். சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்றின் மூடியில் 11×15 மி.மீ. துளை வெட்டி, ஸ்பீக்கரின் முகம் வெளியே பார்க்கும்படி வைத்து, விளிம்பைச் சுற்றி ஒட்டுக்களிமண்ணால் அடையுங்கள். இன்ஜின் சத்தத்தை ஓடவிட்டபடியே ஒரு மூலையில் களிமண்ணைக் கொஞ்சம் பெயர்த்தால் உறுமல் சட்டென்று இறங்கும். திரும்ப அழுத்தினால் ஏறும். ஊசி நுழையும் ஓட்டையே இவ்வளவு செய்கிறது.

பெட்டிக்கு 1 மி.மீ. ஸ்டைரீன் தகடு போதும். உள்ளளவு 15×25 மி.மீ., ஆழம் 10 மி.மீ. கிடைத்தால் நல்லது. அவ்வளவு இடம் இல்லையா, ஸ்பீக்கரின் அளவிலேயே சுவர் எழுப்பி, அதன் முதுகுக்குப் பின்னால் 6 முதல் 8 மி.மீ. விடுங்கள். பெட்டிக்குள் காற்று எவ்வளவு அதிகமோ, அடித்தொனி அவ்வளவு ஆழமாக வரும். முதலில் வெறும் பெட்டியை பிளாஸ்டிக் ஒட்டுத் திரவத்தால் ஒட்டி ஓர் இரவு காயவிட்டு, அதன் பிறகு ஸ்பீக்கரை வையுங்கள். ஸ்பீக்கரை ஒட்ட வெள்ளைப் பசைதான் சரி. சூப்பர் க்ளூ கூடவே கூடாது. அது தண்ணீர் மாதிரி ஓடி டயாஃப்ரத்தின் மெல்லிய விளிம்பில் ஏறி இறுகிவிடும். வயர் வெளியே வரும் துளையிலும் ஒரு சொட்டுப் பசை வையுங்கள். அழகாகப் பெட்டி செய்துவிட்டுப் பலர் கோட்டை விடுவது இந்த ஒரு துளையில்தான்.

சாலிடர் வைக்கும்போது ஸ்பீக்கரின் காந்தம் இரும்பு நுனியைத் தன் பக்கம் இழுக்கும். ஸ்பீக்கரை அசையாமல் பிடித்து, வயர் நுனியில் முன்கூட்டியே ஈயம் ஏற்றி, 2 வினாடிக்குள் முடியுங்கள். அதற்கு மேல் சூடு போனால் முனையே கழன்று வரும். பெட்டியை இன்ஜினில் வைக்கும்போது ஸ்பீக்கரின் முகத்துக்கு முன் 1 முதல் 2 மி.மீ. இடைவெளி விட்டு, கூரையின் மின்விசிறி வலை வழியாகவோ கீழே போகி வழியாகவோ சத்தம் வெளியேற வழி செய்யுங்கள். இடத்துக்காக சேசிஸைச் செதுக்க வேண்டியிருந்தால் டிகோடரையும் ஸ்பீக்கரையும் முதலில் வெளியே எடுத்துவிடுங்கள்.

இனி அந்த 3 வாட் விஷயம். வாட் என்பது ஸ்பீக்கர் எவ்வளவு தாங்கும் என்பதற்கான கணக்கு. எவ்வளவு சத்தம் தரும் என்பதற்கு அல்ல. பெயர் இல்லாத சரக்கில் அந்த எண்ணை விற்பவர் தன் இஷ்டத்துக்கு அச்சடிக்கிறார். பழைய போனில் பிடுங்கிய ஸ்பீக்கருக்கு ‘பேஸ்’ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்பவர்களும் உண்டு. போன் ஸ்பீக்கர் நல்லதுதான், ஆனால் அதன் காற்றறை அப்படியே இருக்கும்வரை. இடம் போதவில்லை என்று அந்த அறையை வெட்டியிருந்தால் பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லை. ‘பொருத்தியும் தருகிறோம்’ என்பவரிடம் கொடுத்தால், மேலுறையை மூடுவதற்கு முன் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் உள்ளே டேப்தான்.

உற்பத்தியாளர்களும் இதற்குப் பொறுப்பு. 21எம்டிசி, ப்ளக்ஸ்22, நெக்ஸ்ட்18 என்று டிகோடர் சாக்கெட்டின் ஒவ்வொரு பின்னுக்கும் தரம் வகுத்திருக்கிறார்கள். ஸ்பீக்கர் பெட்டி என்று வந்தால் ஆளுக்கொரு அளவு. ‘சவுண்டுக்குத் தயார்’ என்று அட்டையில் போட்டு விற்கும் இன்ஜினைத் திறந்தால் பல சமயம் ஒரு வட்ட ஓட்டையும் இரண்டு திருகும்தான். பெட்டியை வாங்குபவரே செய்துகொள்ள வேண்டுமாம்!

இரட்டை ஸ்பீக்கர் தப்பில்லை. இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரை இணையாகக் கோத்தால் 4 ஓம், தொடராகக் கோத்தால் 16 ஓம். லோக்சவுண்ட் 5 டிகோடர் 4 முதல் 32 ஓம் வரை ஏற்கும். ஆனால் இரண்டும் ஒரே திசையில் ஆட வேண்டும். 1.5 வோல்ட் பேட்டரியை முனைகளில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். டயாஃப்ரம் வெளியே வரும்போது பேட்டரியின் ப்ளஸ் தொடும் முனையில் புள்ளி வையுங்கள். இணையாகக் கோக்கும்போது புள்ளியோடு புள்ளி சேர வேண்டும்.

ஒரே ஒரு விதிவிலக்கு, அதை விளக்கமாகவே சொல்கிறேன். இன்னொரு பழைய இன்ஜினில் லோக்சவுண்ட் 3.5 அல்லது அதற்கு முந்தைய டிகோடர் இருந்தால் மேலே சொன்ன ஓம் கணக்கு செல்லாது. அது 100 ஓம் ஸ்பீக்கருக்காகச் செய்தது. அதில் 8 ஓம் ஸ்பீக்கரைக் கொடுத்தால் ஆம்ப்ளிஃபையர் தாங்காமல் எரியலாம். 92 ஓம் அளவுக்கு ரெசிஸ்டர் தொடரில் போட்டால் டிகோடர் பிழைக்கும், ஆனால் ஸ்பீக்கருக்குக் கிடைப்பது மொத்தச் சக்தியில் 8 சதவீதம்தான். மிச்சமெல்லாம் ரெசிஸ்டரில் சூடாகப் போகும். ஆகவே 100 ஓம் ஸ்பீக்கரையே தேடுங்கள், அல்லது டிகோடரை மாற்றுங்கள். நேர்மாறாக, 100 ஓம் ஸ்பீக்கரைப் புது டிகோடரில் போட்டால் எதுவும் எரியாது, முனகல்தான் வரும். கையிலிருப்பது எது என்று தெரியாவிட்டால் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 7 சொச்சம் காட்டும், அது கோளாறு அல்ல.

எந்த டிகோடரானாலும் ஸ்பீக்கரின் இரண்டு வயரும் அதன் ஸ்பீக்கர் முனைகளுக்கு மட்டும்தான் போக வேண்டும். ஒன்று சேசிஸைத் தொட்டாலும், விளக்குக்கான நீல வயரோடு சேர்ந்தாலும் டிகோடர் போய்விடலாம்.

பெட்டி பொருத்தியதும் சத்தத்தைக் குறைத்து ஆரம்பியுங்கள். உங்கள் டிகோடரில் மொத்த ஒலி அளவு சிவி 63 (சிவி என்பது டிகோடரில் நாம் மாற்றக்கூடிய அமைப்பு எண்); 192 வரை போகும். 90 வைத்துக் கேட்டுவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். உறுமல் சுத்தமாக வந்து ஹாரன் மட்டும் இன்னும் கிழிந்தால் சிவி 63-ஐத் தொடாதீர்கள். ஹாரனுக்கென்று தனி ஒலி அளவு இருக்கிறது, அதை மட்டும் இறக்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால் மேலுறையைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஹாரன் அடியுங்கள். கரகரப்பு நின்றால் அது ஸ்பீக்கர் இல்லை, தளர்ந்திருக்கும் ஜன்னல் கண்ணாடி.