மோட்டார் தண்டில் சிக்கிய பேரிங் ஏன் கழல மறுக்கிறது?

உள்வளையம், வெளிவளையம் இரண்டுக்கும் நடுவே எஃகுக் குண்டுகள் உருளும்படி செய்து, தண்டின் உராய்வைக் குறைக்கும் உறுப்பே பேரிங். 6203 எண்ணுள்ளதன் உள்துளை 17 மில்லிமீட்டர். தண்டை அத்துளையைவிட நூறில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவு பருமனாகக் கடைந்து, அழுத்திப் பொருத்துவதால்தான் அது வழுக்காமல் பிடித்துக்கொள்கிறது. ராயபுரம், காசிமேடு பக்கத்து வீடுகளில் கடலின் உப்புக் காற்று அந்த இடுக்கில் துருவேற்றி, பிடியை இன்னும் இறுக்கிவிடும்.

ஒன்றுக்குள் ஒன்று சிக்கிய எவர்சில்வர் டம்ளர்களைப் பிரிக்க, வெளி டம்ளரை வெந்நீரில் வைத்து, உள் டம்ளரில் குளிர்ந்த நீரை ஊற்றுவோம் அல்லவா? இங்கும் அதே கதைதான். உள்வளையம் தண்டைவிட 80 டிகிரி கூடுதலாகச் சூடானால், துளை ஏறத்தாழ 0.016 மில்லிமீட்டர் விரியும். ஆனால் சூடு விரைவிலேயே தண்டுக்கும் பரவிவிடும் என்பதால், பேரிங்கை இழுத்துக் கழற்றும் கருவியான புல்லரின் கொக்கிகளை உள்வளையத்தின் அடியில் மாட்டி, நடுத்திருகைத் தண்டின் முனையில் நேராக நிறுத்தி இறுக்கிய பிறகே சூடேற்றுவது நல்லது. வெளிவளையத்தைப் பிடித்து இழுத்தால் குண்டுகள் ஓடுபாதையில் பள்ளம் பதித்துவிடும். எப்படியும் தூக்கி எறியப்போகும் பேரிங் என்றால் கவலையில்லை.

மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டால் தானே கழன்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது துருவைத் தளர்த்தக்கூடுமே தவிர, கடைசலிலேயே அமைந்த இறுக்கத்தைத் தளர்த்தாது.