கல்லூரியில் உதவி எங்கே இருக்கிறது, யாரிடம் கேட்பது? – கேள்வி பதில்

தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் நலப் பிரிவில் 22 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். உதவித்தொகை, விடுதி, சான்றிதழ், புகார் எல்லாமே எங்கள் கவுண்டர் வழியாகத்தான் போகும். நீங்கள் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றை எடுத்திருக்கிறேன்.

மேடம், நான் பி.எஸ்சி. முதலாமாண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. என் தோழிக்கு அரசின் புதுமைப் பெண் திட்டப் பணம் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. எனக்கு மட்டும் வரவில்லை. ஆபீஸில் கேட்டால் "வரும், போம்மா" என்கிறார்கள்.

உங்கள் பணம் வேறொரு கணக்குக்குப் போய்க்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு பாப்பா. இந்தத் தொகை நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை. ஆதாரோடு கடைசியாக எந்த வங்கிக் கணக்கு இணைந்திருக்கிறதோ அங்கே போய் விழும். எட்டாம் வகுப்பில் ஸ்காலர்ஷிப்புக்காக உங்கள் அப்பா தொடங்கிய கணக்காகக்கூட இருக்கலாம். ஆதார் இணையதளத்தில் உங்கள் எண்ணைப் போட்டு உள்ளே போனால் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்று இருக்கும். எந்த வங்கி என்று அதிலேயே தெரியும்.

அதில் சிக்கல் இல்லையென்றால் கல்லூரியில் இந்தத் திட்டத்துக்கென்றே இருக்கும் நோடல் அலுவலரைப் பாருங்கள். ஆபீஸ் கவுண்டரில் இருப்பவர் வேறு, அவர் வேறு. பெரும்பாலும் ஒரு பேராசிரியர்தான் அந்தப் பொறுப்பில் இருப்பார். அரசின் கல்லூரி மாணவர் பதிவேட்டில் இருக்கும் உங்கள் யூமிஸ் எண்ணில் பள்ளி விவரம் சரியாக ஏறியிருக்கிறதா என்று திரையில் காட்டச் சொல்லுங்கள். பள்ளி எமிஸ் எண்ணும் கல்லூரி யூமிஸ் எண்ணும் ஒட்டாமல் நின்றுபோன பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒருத்தி நினைவுக்கு வருகிறாள். போனஃபைட் (இங்கே படிக்கிறார் என்ற சான்றிதழ்) வேண்டும் என்று மூன்று நாள் கவுண்டருக்கு வந்தாள். கையில் கட்டணச் சீட்டு, நாலாக எட்டாக மடித்து ஸ்டாம்ப் அளவுக்கு ஆகியிருந்தது. படிவத்தில் 'எதற்காக' என்ற இடத்தைக் காலியாகவே விட்டிருந்தாள். உட்கார வைத்துக் கேட்ட பிறகுதான், கட்டணம் கட்ட வழியில்லாமல் டி.சி. வாங்கிக்கொண்டு போக வந்தவள் என்று தெரிந்தது. ஏழு மாதப் புதுமைப் பெண் பணம் அவள் மறந்தே போன ஒரு கணக்கில் கிடந்தது. அவள் படித்து முடித்தாள். கேட்காமலே போனவர்கள் எத்தனை பேரோ என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

(பையன்களுக்கு இதே போன்ற தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. நான் சொன்னது அதற்கும் பொருந்தும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது கிடைக்கும்.)

வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. மேனேஜ்மென்ட் கோட்டாவில் இன்ஜினியரிங் சேர்ந்தேன். முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகை கிடைக்குமா?

கிடைக்காது தம்பி. ஒற்றைச் சாளரக் கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான். ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான். ஆகவே உங்கள் தங்கை அடுத்த ஆண்டு கவுன்சலிங்கில் போவதாக இருந்தால் அவளுக்காக இப்போதே தாசில்தார் அலுவலக முதல் பட்டதாரிச் சான்றிதழை இ-சேவையில் விண்ணப்பித்து வையுங்கள். ஆனால் உங்கள் பட்டம் முடிவதற்கு முன்பே அவள் சேர வேண்டும்.

நான் எஸ்.சி. மாணவன். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைப் பணம் என் கணக்குக்கு வந்ததே தெரியாது. அப்பா மருத்துவச் செலவுக்கு எடுத்துவிட்டார். இப்போது கல்லூரி கட்டணம் கேட்கிறது, ஹால் டிக்கெட் தர மாட்டோம் என்கிறது. என்ன செய்வது அம்மா?

முதலில் அப்பாவோடு சண்டை வேண்டாம். முன்பெல்லாம் இந்தத் தொகை கல்லூரிக்கே நேராகப் போகும். 2021-22 முதல் மத்திய அரசின் பங்கான 60 சதவீதம் மாணவர் கணக்குக்கு வருகிறது. வந்த ஏழு நாளுக்குள் கட்டணத்தைக் கல்லூரியில் கட்ட வேண்டும் என்பது விதி. இந்த மாற்றத்தைப் பல வீடுகளில் யாரும் விளக்கிச் சொல்லவில்லை. பணம் கையில் இருக்கும்போது ஆஸ்பத்திரிதான் கண்ணில் படும்.

நாளைக் காலையிலேயே கல்லூரி முதல்வருக்கு ஒரு மனு எழுதுங்கள். நடந்ததை மறைக்காமல் எழுதி, எத்தனை தவணையில் கட்ட முடியும் என்று தேதியோடு சொல்லுங்கள். மருத்துவச் செலவு ரசீதின் நகலை இணையுங்கள். தவணை கேட்டு வந்த மனுவை முகத்துக்கு நேராக மறுக்கும் முதல்வர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. மறுத்தால் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலரிடம் போங்கள், கலெக்டர் அலுவலகத்திலேயே இருப்பார். திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடமே கொடுக்கலாம்.

எனக்குப் படிப்பதில் டிஸ்லெக்சியா இருக்கிறது. பள்ளியில் ஸ்க்ரைப் (நான் சொல்லச் சொல்லத் தேர்வு எழுதுபவர்) கொடுத்தார்கள். கல்லூரியில் "கண் தெரியாதவர்களுக்கு மட்டும்தான்" என்கிறார்கள்.

தவறாகச் சொல்கிறார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது, கற்றல் குறைபாடு அதில் ஒன்று. 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று அரசு மருத்துவக் குழு சான்று கொடுத்திருந்தால் போதும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யூ.டி.ஐ.டி. அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதுபவர் உதவியோடு, மணிக்கு 20 நிமிடம் வீதம் கூடுதல் நேரமும் உண்டு; மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடும். மனு தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குப் போக வேண்டும். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் ஓடாமல், பருவம் தொடங்கும்போதே கொடுத்துவிடுங்கள். துறைத் தலைவருக்கும் ஒரு நகல்.

இரவு தூக்கமே இல்லை. இரண்டு மாதமாக வகுப்புக்கும் சரியாகப் போகவில்லை. கவுன்சலரிடம் போனால் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

எழுதிக் கேட்டீர்களே, அதுவே நல்ல தொடக்கம். மனநலச் சிகிச்சையில் சொல்வதை ரகசியமாக வைப்பது உங்கள் உரிமை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில் மட்டும்தான் அது விலகும். போனவுடனே "நான் சொல்வது யாருக்கெல்லாம் தெரியும்?" என்று நீங்களே கேளுங்கள். நல்ல கவுன்சலர் முகம் சுளிக்க மாட்டார்.

கல்லூரிக்குள் போகத் தயக்கமாக இருந்தால் 14416. டெலி மானஸ், மத்திய அரசின் இலவசச் சேவை, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் இடையில் வந்து போனால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். அந்த நேரத்திலேயே கூப்பிடுங்கள், அறைத் தோழியையும் எழுப்புங்கள். வருகைப் பதிவுக் குறைவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மருத்துவச் சான்று வாங்கி வைத்தால் துறைத் தலைவரிடம் பேச வழி இருக்கும்.

மகன் விடுதியில் இருக்கிறான். சீனியர்கள் இரவில் எழுப்பி நிற்க வைக்கிறார்களாம். புகார் செய்யாதே என்று கெஞ்சுகிறான்.

நீங்களே செய்யலாம். பெற்றோர், நண்பர், யார் வேண்டுமானாலும் சொல்லலாம். பல்கலைக்கழக மானியக் குழுவான யூ.ஜி.சி.யின் இலவச எண் 1800-180-5522, எந்நேரமும் எடுப்பார்கள். 1997 தமிழ்நாட்டு ராகிங் தடைச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். மகனிடம் முதலில் சொல்லிவிடுங்கள். தெரியாமல் செய்தால் அடுத்த முறை உங்களிடமும் சொல்ல மாட்டான். அன்றிரவே அவனை வேறு அறைக்கு மாற்றும்படி வார்டனிடம் கேளுங்கள்.

ஒரு விரிவுரையாளர் இரவில் வாட்ஸ்அப்பில் தேவையில்லாததைப் பேசுகிறார். இன்டர்னல் மார்க் அவர் கையில்.

ஒன்றையும் அழிக்காதீர்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, தேதியோடு நம்பிக்கையான இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். ஒவ்வொரு கல்லூரியிலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். மூத்த பெண் பேராசிரியர் ஒருவர் தலைமையில், குறைந்தது பாதிப் பேர் பெண்களாக. உறுப்பினர் பெயர்கள் அறிவிப்புப் பலகையில் இருக்கும், இல்லையென்றால் முதல்வர் அலுவலகத்தில் கேளுங்கள். கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தாமதத்துக்குக் காரணம் சொன்னால் இன்னும் மூன்று மாதம் குழு நீட்டிக்கலாம். உங்கள் பெயரை அவர்கள் வெளியே சொல்வது சட்டப்படி குற்றம். விசாரணை முடியும்வரை அவர் உங்கள் விடைத்தாளைத் திருத்தக் கூடாது என்று அதே மனுவில் கேளுங்கள். இதைக் கேட்கலாம் என்று பலருக்குத் தெரிவதில்லை.

படிப்பை விட்டு வேறு கல்லூரிக்குப் போகிறேன். ஒரிஜினல் மார்க் ஷீட்டைத் தர மாட்டேன் என்கிறார்கள், மீதி ஆண்டுகளின் கட்டணமும் கட்டணுமாம்.

சான்றிதழைப் பிடித்து வைப்பதையே ஒரு குறையாக யூ.ஜி.சி.யின் 2023 விதிகள் எண்ணுகின்றன. மாணவர் குறைதீர்க் குழுவுக்கு எழுதுங்கள். 15 வேலை நாளில் அவர்கள் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளில் குறைகளை விசாரிக்கும் அதிகாரியான பல்கலைக்கழக ஆம்பட்ஸ்பர்சனுக்கு மேல்முறையீடு. அவருக்கு 30 நாள். பல்கலைக்கழக இணையதளத்தில் அவர் பெயரும் முகவரியும் இருக்கும்.

கல்விக் கடனுக்கு நிலப் பத்திரம் கேட்கிறார்கள். கொடுக்க எதுவும் இல்லை.

4 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது, பெற்றோர் கையெழுத்துப் போதும். வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பியுங்கள், மறுத்தால் காரணம் பதிவாகும்.

மேடம், மனு எழுது எழுது என்கிறீர்கள். எனக்கு ஆங்கிலத்தில் எழுத வராது. எப்படி எழுதுவது?

தமிழில் எழுதுங்கள். நான் வேலை பார்த்த காலத்தில் மிகச் சிறந்த மனுக்கள் தமிழில்தான் வந்தன. ஒரு பக்கம் போதும்:

'அனுப்புநர்: பெயர், வகுப்பு, பதிவு எண், கைபேசி எண். பெறுநர்: முதல்வர். பொருள்: இரண்டாம் பருவக் கட்டணத்தைத் தவணையில் செலுத்த அனுமதி கோருதல். ஐயா, என் தந்தை கட்டடத் தொழிலாளி. ஜூன் மாதம் கீழே விழுந்து கால் முறிந்ததால் வேலைக்குப் போகவில்லை. கட்டணத்தை மூன்று தவணைகளில், ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதிக்குள் கட்டிவிடுகிறேன். இணைப்பு: மருத்துவச் சான்று நகல்.'

இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் கையில் கொடுத்துவிட்டு வராமல், தபால் பிரிவில் கொடுங்கள். ஒன்றை வாங்கிக்கொண்டு, உங்கள் பிரதியில் தேதி முத்திரை குத்தி எண் போட்டுத் தருவார்கள். பத்து நாள் கழித்துப் போகும்போது "என் மனு என்னாச்சு" என்று கேட்காதீர்கள். "இந்த எண் எந்த மேசையில் இருக்கிறது" என்று கேளுங்கள், பதிவேட்டைத் திறந்து பார்ப்பார்கள்.