சென்னைக்கு மூன்று நாள்: போனஸை நம்பிக் கார்டைத் தேய்க்கலாமா?

கேள்வி: கோவில்பட்டியில் ஒரு தனியார் நூற்பாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பிடித்தம் போக மாதம் 41,000 ரூபாய் கைக்கு வருகிறது. மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். மகளுக்கு 13 வயது, மகனுக்கு 9 வயது. இந்த ஆண்டு (2026) காந்தி ஜெயந்தி வெள்ளிக்கிழமையில் வருவதால், அக்டோபர் 2 முதல் 4 வரை சென்னைக்கு அழைத்துப் போவதாகப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். போக வர ஏசி ஆம்னி பஸ்ஸுக்கு 14,400, தியாகராய நகரில் இரண்டு இரவு ஓட்டலில் தங்க 9,000, பொழுதுபோக்குப் பூங்காவுக்கு 6,000, குரோம்பேட்டையில் இருக்கும் அக்கா வீட்டாருக்குத் துணிமணி எடுக்க 8,000, சாப்பாட்டுக்கும் கால்டாக்சிக்கும் 4,600 என மொத்தம் 42,000 ரூபாய் ஆகும். கிரெடிட் கார்டில் ஏற்கெனவே 60,000 ரூபாய் பாக்கி இருக்கிறது. குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டி வருகிறேன். ஒரு பயணச் செயலி இந்தச் செலவை ஆறு மாத ‘நோ காஸ்ட் இஎம்ஐ’யாக, அதாவது வட்டியில்லா மாதத் தவணையாக மாற்றித் தருவதாகச் சொல்கிறது. நவம்பர் 8 தீபாவளிக்கு முன் சுமார் 30,000 போனஸ் வரும், அதில் சமாளித்துவிடலாம் என்று நினைக்கிறேன். மனைவிதான் பயப்படுகிறார். அவர் கையில் 9,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறார். ஒரு மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் ஒரே தொகையாக முதலீடு செய்யும் எஸ்ஐபி முறையில் 2,500 போட்டு வருகிறேன், அதில் இப்போது 38,000 இருக்கிறது. நாங்கள் சென்னைக்குப் போகலாமா?

பதில்: போகலாம். பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் திட்டப்படி போக வேண்டாம். அந்தச் செலவில் ஒரு ரூபாய்கூடக் கார்டில் போகக் கூடாது.

நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர் என்பதால் வட்டி என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடிதத்தோடு இணைத்திருந்த கார்டு பில்லைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வட்டி என்று ஒரு வரியில் 2,100 ரூபாய்க்குச் சற்றுக் கூடுதலாகவும், அதற்கு அடுத்த வரியில் ஜிஎஸ்டி என்று 380 ரூபாய்க்குப் பக்கமாகவும் இருக்கிறது. நீங்கள் கட்டிய குறைந்தபட்சத் தொகை 3,000. அதாவது மாதம் 3.5 சதவீத வட்டியும் அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து 2,478 ரூபாயை எடுத்துக்கொள்ள, உங்கள் அசலில் கழிந்தது 522 ரூபாய்தான். குறைந்தபட்சம் மட்டுமே கட்டி வந்தால் கடன் ஆண்டுக்கணக்கில் இழுக்கும் என்ற எச்சரிக்கையை ஒவ்வொரு பில்லிலும் அச்சிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. உங்கள் பில்லிலும் அது இருக்கிறது, பொடி எழுத்தில், கடைசிப் பக்கத்தில். ‘தவறாமல் கட்டி வருகிறேன்’ என்று நீங்கள் மன நிறைவோடு எழுதியிருக்கும் அந்தப் பழக்கமே உங்கள் வீட்டுக் கணக்கை அரித்துக்கொண்டிருக்கிறது.

இந்த 60,000 எப்படி வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 2025 மே மாதம் கொடைக்கானல் போனபோது 27,000 ரூபாயைக் கார்டில் தேய்த்தீர்கள். அடுத்த ஓராண்டில் குறைந்தபட்சத் தொகையாக மட்டும் சுமார் 16,000 கட்டியிருப்பீர்கள். ஆனாலும் இந்த மே மாதம் அந்தப் பாக்கி 24,000-க்கு அருகிலேயே நின்றது. அதன் மேல் பெங்களூர்ப் பயணத்தின் 36,000 ஏறியது. கொடைக்கானல் கடன் அடையும் முன் பெங்களூர், பெங்களூர் கடன் அடையும் முன் சென்னை என்று ஒவ்வொரு பயணத்தின் செலவும் அடுத்த பயணத்தின் தலையில் ஏறுகிறது. மூன்று நாளில் முடிந்துபோன கொடைக்கானலுக்கு நீங்கள் இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

கார்டு வைத்திருக்கும் பலர் கவனிக்காத ஒரு விதி இங்கே உங்களைக் கடுமையாகப் பாதிக்கிறது. 45 நாள், 50 நாள் வட்டி இல்லை என்ற சலுகை, முந்தைய பில்லை முழுமையாகக் கட்டியவர்களுக்கு மட்டுமே உண்டு. பாக்கியை அடுத்த மாதத்துக்குத் தள்ளியவர் புதிதாக எதை வாங்கினாலும், வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும். அக்டோபர் முதல் வாரத்தில் 42,000 ரூபாயைத் தேய்த்துவிட்டு நவம்பரில் போனஸ் வந்ததும் கட்டிவிடலாம் என்று நீங்கள் கணக்குப் போட்டால், இடைப்பட்ட ஐந்து வாரத்துக்கே ஏறத்தாழ 2,000 ரூபாய் வட்டியாகப் போய்விடும்.

‘நோ காஸ்ட் இஎம்ஐ’ இதிலிருந்து தப்பிக்கும் வழி அன்று. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கி 2013-ஆம் ஆண்டிலேயே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டிவிட்டது. வங்கி வழக்கம்போல் வட்டி போடுகிறது. விற்பவர் அந்த அளவுக்கு விலையில் தள்ளுபடி காட்டுகிறார். அந்த வட்டிக்கான ஜிஎஸ்டியையும் நடைமுறைக் கட்டணத்தையும் நீங்கள்தான் கட்டுகிறீர்கள், மொத்தப் பணமும் கொடுப்பவருக்குக் கிடைக்கும் தள்ளுபடியையும் இழக்கிறீர்கள். இவை சில நூறு ரூபாய்க் கணக்கு என்று விட்டுவிடலாம். விட முடியாதது மாதத் தவணை. ஆறு மாதத் தவணை என்றால் மாதம் 7,000 ரூபாய்; அது முழுவதும் குறைந்தபட்சத் தொகையோடு சேர்ந்துவிடும். இப்போது 3,000 கட்டி வரும் நீங்கள் அடுத்த மார்ச், ஏப்ரல் வரை மாதம் 10,000 கட்டியாக வேண்டும். வீட்டுக்கடன் தவணை 11,500 என்றும் எழுதியிருக்கிறீர்கள். 41,000 சம்பளத்தில் பாதிக்கு மேல் கடனுக்கே போனால், ஜனவரியில் யாரிடமாவது கைமாற்றுக் கேட்டு நிற்பீர்கள். ‘இப்போது பயணம், பிறகு பணம்’ என்று வரும் புதுப்புதுச் செயலிகளைப் பற்றிப் பலரும் என்னைக் கேட்கிறார்கள். கட்டி முடித்த பயணத்தைவிட இனிமையான பயணத்தை அவற்றில் எதுவும் விற்கவில்லை என்பதே என் பதில்.

போனஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் அந்த 30,000 ரூபாய் நான்கு இடங்களில் வருகிறது: எல்ஐசி பிரீமியத்துக்கு, தீபாவளித் துணிக்கு, மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு, பிறகு சென்னைச் செலவுக்கு. ஒரே பணத்தை நான்கு பேருக்குச் சொல்லி வைத்திருக்கிறீர்கள். உங்கள் மனைவியின் பயம் நியாயமானது.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்த மியூச்சுவல் ஃபண்டில் இருக்கும் 38,000 ரூபாயை இந்த வாரமே எடுத்துக் கார்டில் கட்டுங்கள், எஸ்ஐபியையும் நிறுத்துங்கள். எஸ்ஐபியை எக்காரணத்துக்கும் நிறுத்தக் கூடாது என்று உங்கள் அலுவலக நண்பர் சொல்வார். அந்த அறிவுரை கடன் இல்லாதவருக்குப் பொருந்தும். ஆண்டுக்கு 12 சதவீதம் கிடைக்கலாம் என்ற எதிர்பார்ப்பில் பணத்தை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, மறுபக்கம் ஆண்டுக்கு 42 சதவீதமும் அதற்கு மேல் வரியும் நிச்சயமாகக் கட்டுவதை எந்தக் கணக்குப் புத்தகமும் ஏற்காது. ஓராண்டு நிறையாத யூனிட்டுகளுக்கு 1 சதவீத அளவுக்கு வெளியேறும் கட்டணமும், லாபத்தின் மேல் கொஞ்சம் வரியும் வரலாம். அந்தச் சில நூறு ரூபாயைப் பார்த்துத் தயங்க வேண்டாம்.

இப்போது கார்டில் 22,000 மிஞ்சும். இதுவரை கட்டிய 3,000-ஐயும் எஸ்ஐபிக்குப் போன 2,500-ஐயும் சேர்த்து மாதம் 5,500 கட்டுங்கள். ஆகஸ்ட் முடிவில் சுமார் 17,400, செப்டம்பரில் 12,600, அக்டோபரில் 7,650 என்று பாக்கி இறங்கும். நவம்பரில் போனஸிலிருந்து 8,000 எடுத்து வைத்தால் கணக்கு முடிந்துவிடும். மீதி 22,000 பிரீமியத்துக்கும் துணிக்கும் கட்டணத்துக்கும் இருக்கும். முழுத் தொகையும் கட்டிய பிறகும் அடுத்த பில்லில் இடைப்பட்ட நாட்களுக்கான வட்டி என்று ஒரு சிறு தொகை வரக்கூடும். அதையும் கட்டிவிடுங்கள்; இல்லையென்றால் வட்டியில்லாச் சலுகை திரும்பக் கிடைக்காது. அதுவரை கார்டை உங்கள் பர்ஸில் வைக்காமல் மனைவியிடம் கொடுத்துவிடுங்கள்.

பயணத்துக்கு என்று உங்கள் வீட்டில் உண்மையாக இருக்கும் பணம், மனைவி தைத்துச் சேர்த்த 9,000 ரூபாய்தான். தீபாவளி நெருங்க நெருங்கத் தையல் வேலை கூடும் என்பதால் ஆகஸ்ட், செப்டம்பரில் மாதம் 3,000 சேர்க்க முடியும் என்று அவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். ஆக மொத்தம் 15,000. இந்தத் தொகையில் நான்கு பேர் சென்னையை நன்றாகவே பார்க்கலாம்.

விடுமுறை நாட்களில் ஆம்னி பஸ் கட்டணம் எப்படி ஏறும் என்பது உங்களுக்குத் தெரியும். தெற்கிலிருந்து வரும் பேருந்துகளில் பெரும்பாலானவை இப்போது கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுவதால், அங்கிருந்து தியாகராய நகர் ஓட்டலுக்கு மூட்டை முடிச்சோடு 25 கிலோமீட்டருக்கு மேல் போக ஆகும் வாடகை உங்கள் கணக்கில் சரியாக வரவில்லை. கோவில்பட்டி வழியாகப் போகும் நெல்லை எக்ஸ்பிரஸிலோ முத்துநகர் எக்ஸ்பிரஸிலோ இரண்டாம் வகுப்புப் படுக்கைக்கு ஒருவருக்குச் சுமார் 400 ரூபாய்தான். மகனுக்கும் படுக்கை வேண்டும் என்றால் முழுக் கட்டணம். அப்படியே நான்கு பேர் போய்வர 3,200 ரூபாய் ஆகும். தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயில் ஏறினால் குரோம்பேட்டை பக்கத்தில்தான் இருக்கிறது.

அங்கே இருப்பது உங்கள் கூடப்பிறந்த அக்காவின் வீடு. ஒரே படுக்கையறை, எட்டுப் பேர் படுக்க இடமிருக்காது, வெறுங்கையோடு போகவும் முடியாது என்பதால்தான் ஓட்டல் என்று எழுதியிருக்கிறீர்கள். ஓட்டலுக்கு 9,000, துணிக்கு 8,000 சேர்த்து 17,000 ரூபாய். உங்கள் மொத்தத் திட்டத்தில் பெரிய செலவு இதுதான், அதுவும் ஊரைப் பார்ப்பதற்கான செலவு அன்று. போன முறை அத்தான் உங்கள் பிள்ளைகளுக்குத் துணி எடுத்தார் என்பதற்காக இந்த முறை நீங்கள், அடுத்த முறை அவர் என்று போனால் இரண்டு வீட்டுக்கும் சுமைதான். அவரும் ஒருவேளை கார்டில்தான் எடுத்திருப்பாரோ என்னவோ. அக்காவிடம் போனில் நேரடியாகப் பேசுங்கள்: “கார்டுக் கடனை அடைத்துக்கொண்டிருக்கிறோம், இந்தத் தீபாவளிக்கு இரண்டு வீட்டிலும் பிள்ளைகளுக்குத் துணி வேண்டாம், ரெண்டு ராத்திரி உங்க வீட்டுக் கூடத்துல பாய் விரிச்சுப் படுத்துக்கிறோம்” என்று சொன்னால் எந்த அக்காவும் முகம் சுளிக்க மாட்டார். இரண்டு கிலோ கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு போங்கள். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற உங்கள் ஊர் மிட்டாய்க்குச் சென்னையில் இருக்கும் மரியாதை உள்ளூரில் இருக்கும் உங்களுக்குத் தெரியாது. அதற்கும் பூ, பழத்துக்குமாக 1,200 ரூபாய் வையுங்கள்.

பொழுதுபோக்குப் பூங்காவின் 6,000 ரூபாயில் நான் கை வைக்கவில்லை. மூன்று மாதமாகப் பிள்ளைகள் பேசிக்கொண்டிருப்பது அதைப் பற்றித்தான் என்று எழுதியிருக்கிறீர்கள்; அதை வெட்டிவிட்டு மற்றதையெல்லாம் காட்டினால் அவர்களுக்கு ஊர் பார்த்த நிறைவு இருக்காது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அங்கே போகாமல் சனிக்கிழமை காலையில் போங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தை முதல் நாளில் போட்டிருக்கிறீர்கள். அதற்கு வெள்ளிக்கிழமைதோறும் விடுமுறை, தேசிய விடுமுறை நாட்களிலும் திறக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை பகலில் ஓய்வெடுத்து மாலையில் மெரினாவுக்குப் போய்வந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் அருங்காட்சியகத்துக்குப் போனால் வெண்கலச் சிலைகளை நிதானமாகப் பார்த்துவிட்டு அங்கிருந்தே எழும்பூரில் ரயில் ஏறலாம். இல்லை, மாமல்லபுரம்தான் வேண்டும் என்றால் பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 40 ரூபாய், 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணமே இல்லை. மின்சார ரயில், மெட்ரோ, மாநகரப் பேருந்து என்று போனால் மூன்று நாள் போக்குவரத்துக்கு 1,500 போதும். வெளியில் சாப்பிட 2,500. ரயில், பூங்கா, அக்கா வீடு எல்லாம் சேர்த்து 14,400 ஆகிறது. மீதி 600 ரூபாயை மகளிடம் கொடுத்து, கடற்கரையில் சுண்டலும் பஜ்ஜியும் வாங்கும் கணக்கை அவளையே எழுதச் சொல்லுங்கள்.

ரயிலில் இடம் கிடைத்தால்தான் இவ்வளவும் நடக்கும். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அக்டோபர் 1 வியாழக்கிழமை இரவு வண்டிக்கு ஆகஸ்ட் 2 காலை 8 மணிக்கும், திரும்பி வரும் 4-ஆம் தேதி இரவு வண்டிக்கு ஆகஸ்ட் 5 காலை 8 மணிக்கும் பதிவு தொடங்கும். விடுமுறை வண்டிகளில் இடம் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் ஐஆர்சிடிசி கணக்கில் நான்கு பேரின் பெயரையும் வயதையும் முதல் நாள் இரவே ஏற்றி வையுங்கள். பணத்தை மனைவியின் சேமிப்புக் கணக்கிலிருந்து கட்டுங்கள். போகும் வண்டியில் இடம் கிடைத்துத் திரும்பும் வண்டியில் கிடைக்காவிட்டால், பஸ்ஸுக்குக் கார்டைத் தேய்க்காமல் பயணத்தை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். அக்கா வீட்டுக்கு அக்டோபர் 9-ஆம் தேதியும் போகலாம்.