மஞ்ச லைட் மினுங்கினா வண்டியை ஓட்டாதே மக்கா

மக்கா, கருங்கல் பக்கம் வீடுன்னு எழுதியிருக்க. நமக்கு நாகர்கோவில், வடசேரி. எனக்க மகன் வயசுதான் உனக்கும் இருக்கும்போல, அதனால நீன்னே சொல்லுதேன்.

ஷார்ஜாவுக்கு வந்து எட்டு மாசம் ஆகுது, ஊர்க்காரர் ஒருத்தர்கிட்ட பத்து வருஷம் ஓடின ஜப்பான் கார் வாங்கினேன், சிக்னல்ல ஏசி போட்டு நின்னா குலுங்குது, பாலம் ஏறும்போது இழுக்கல, மஞ்ச இன்ஜின் லைட் விட்டு விட்டு மினுங்குது, ஒர்க்‌ஷாப்புல இன்ஜினையே மாத்தச் சொல்லுதான்னு கேட்டிருக்க. கூடவே குடும்ப விசா, ரூம் வாடகை, சீட்டுல சேரலாமான்னும் கேட்டிருக்க. விசா சட்டம் அடிக்கடி மாறும், அதை உன் கம்பெனியில விசா வேலை பாக்குற பிஆர்ஓகிட்ட கேளு. வாடகைக்கு ரூம்மேட்டைக் கேளு. சீட்டு வேண்டாம். வண்டி விஷயத்தை மட்டும் நான் விடமாட்டேன்.

முதல்ல அந்த லைட். சும்மா எரிஞ்சிட்டே இருந்தா ரெண்டு நாள்ல பாத்துக்கிடலாம். மினுங்குச்சுன்னா ஓரங்கட்டி நிறுத்து. ஏதோ ஒரு சிலிண்டர்ல பெட்ரோல் எரியல. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில புகையைச் சுத்தம் பண்ணுற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள்ள போயி அங்க எரியும். உள்ள தேன்கூடு மாதிரி இருக்குறது சூட்டுல உருகி அடைச்சிரும். நூறு திர்ஹத்துல முடிய வேண்டிய சோலி ஆயிரக்கணக்குல போயி நிக்கும். நீ அதோட தினமும் துபாய்க்குப் போயிட்டு வாறேன்னு எழுதியிருக்க. இன்னைக்கே நிறுத்து, பஸ்ல போ.

நம்ம ஊருல இதை ‘மிஸ் அடிக்குது’ன்னு சொல்லுவோம். நான் பத்தாங்கிளாஸ் முடிச்சதும் வடசேரியில ஒரு ஆசான்கிட்ட அம்பாசிடர் கார் மெக்கானிக் வேலை பழகினேன். ரெண்டு மழையும் பெய்யுற ஊரு இல்லியா, ஆனி மாசம் ஆனா காலையில வரிசையா டாக்ஸி வந்து நிக்கும், எல்லாம் மிஸ் அடிக்கும். ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் கரண்டைப் பிரிச்சு அனுப்புற டிஸ்ட்ரிபியூட்டரோட மூடியை ஆசான் கழத்தி, மடியில கிடக்குற துண்டால உள்பக்கம் துடைச்சு, ஈரம் போனதும் மாட்டுவாரு. பிறகு ஓடுற இன்ஜின்ல ஒவ்வொரு பிளக் வயரா உருவச் சொல்லுவாரு. உருவினதும் சத்தம் தளர்ந்தா அந்த சிலிண்டர் நல்லா இருக்கு. மாற்றமே இல்லன்னா அதுதான் படுத்துக்கிடக்கு. “சாமான் வாங்கப் போறதுக்கு முன்னால எது செத்துச்சுன்னு கண்டுபிடிலே” என்பாரு.

உனக்க வண்டியில டிஸ்ட்ரிபியூட்டர் இல்ல, ஒவ்வொரு பிளக் தலையிலயும் அதுக்குக் கரண்ட் கொடுக்குற தனித்தனி காயில். அதுல அந்த மாதிரி உருவிப் பாக்காதே, ஷாக் அடிக்கும். ஆனா ஆசான் சொன்ன வழி அதேதான். ஸ்டியரிங்குக்குக் கீழே, வண்டி கம்ப்யூட்டர்ல பதிவான கோளாறு நம்பரைப் படிக்கிறதுக்கு ஓபிடின்னு ஒரு சாக்கெட் இருக்கு, சின்ன ஸ்கேனரை மாட்டி நம்பரைப் பாரு. பி0302ன்னு வந்தா ரெண்டாவது சிலிண்டர், பி0303ன்னா மூணாவது. பி0300ன்னா ஒண்ணுன்னு சொல்ல முடியாம அங்கங்க மிஸ் ஆகுது. ரெண்டாவதுன்னு காட்டுனா, இன்ஜின் ஆறின பிறகு ரெண்டாவது காயிலையும் மூணாவது காயிலையும் இடம் மாத்து, ஸ்கேனர்லயே பழைய நம்பரை அழிச்சிட்டு கொஞ்ச நேரம் ஸ்டார்ட்ல விடு. இப்ப பி0303ன்னு வந்தா காயில்தான் போச்சு. ஒரு காயில் வாங்கினா போதும். ரெண்டாவதுலயே நின்னா அடுத்து பிளக்கை அதே மாதிரி மாத்திப் பாரு. அதுவும் இல்லன்னா பெட்ரோலைப் பீச்சுற இன்ஜெக்டர், அதுக்குப் பிறகுதான் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள அழுத்தம் நிக்குதான்னு, செக் பண்ணணும். கம்ப்ரஷன் பாக்காம இன்ஜினை மாத்தச் சொல்லுத ஒர்க்‌ஷாப்புக்கு ரெண்டாம் தடவை போகாதே.

காயிலைத் தூக்கும்போது பிளக் குழிக்குள்ள ஒரு டார்ச் அடிச்சுப் பாரு. ஆயில் நிக்குதுன்னா இன்ஜின் மேல்மூடிக்கு அடியில இருக்குற வால்வ் கவர் கேஸ்கெட் கசியுது. தண்ணி நிக்குதுன்னா, விக்குறதுக்கு முன்னால இன்ஜினைத் தண்ணியடிச்சுக் கழுவியிருக்கலாம். பளபளன்னு கழுவின இன்ஜினை நான் நம்புறதே இல்ல. பிளக்கைச் சூட்டுல கழத்தாதே, ஹெட்டு அலுமினியம், மரை போயிரும்.

இவ்வளவு ஏன் எழுதுதேன்னா, நீ பட்டதை நானும் பட்டேன். 1998ல வந்தேன். மெக்கானிக் விசான்னு சொன்ன ஏஜெண்ட், வந்து இறங்கினதும் குடோன்ல மூட்டை தூக்க விட்டுட்டான். வெள்ளிக்கிழமை மட்டும் ஷார்ஜாவுல ரோலாங்கிற இடத்துக்குப் போவேன். மார்த்தாண்டம், குளச்சல், திங்கள்நகர்னு நம்ம ஆளுங்க பூரா அங்க நிப்பாங்க. நம்ம பேச்சைக் கேக்குறதுக்கே போறதுதான். அப்படிப் பழகின ஒருத்தர்தான் 2001ல எனக்கு முதல் வண்டியை வித்தாரு. சம்பளம் 1,200 திர்ஹம். மூணாம் நாளே குலுங்க ஆரம்பிச்சுது. ஒரு ஒர்க்‌ஷாப்புல பிளக், வயரு, பெட்ரோல் பம்புன்னு ஒண்ணொண்ணா மாத்தி 1,800 வாங்கிட்டு, கடைசியில இன்ஜின் போச்சுன்னான். பழைய சாமானைத் திருப்பிக் கேக்கக்கூட எனக்கு அப்ப தெரியல. நீ கேளு. மாத்துன ஒவ்வொண்ணையும் கையில வாங்கு.

அன்னைக்கு ராத்திரி பார்க்கிங்ல பானெட்டைத் தூக்கி வச்சு, கண்ணை மூடிக்கிட்டு கேட்டேன். இன்ஜினுக்குக் காத்து போற த்ராட்டில் பக்கத்துல பாம்பு சீறுற மாதிரி சத்தம். விரல் தடிமன் ரப்பர் ஹோஸ், வளைவுல வெயிலுக்கு வெடிச்சுக்கிடந்தது, அது வழியா வேண்டாத காத்து உள்ள போயிட்டு இருந்தது. அதுல பெருவிரலை வச்சு அமுக்கினேன். வண்டி அப்படியே அடங்கிப்போச்சு. எடுத்தேன், குலுங்குச்சு. வச்சேன், அடங்குச்சு. ஒரு துண்டு ஹோஸ், ரெண்டு கிளிப்பு, அவ்வளவுதான். பானெட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னு அழுதேன் மக்கா. வடசேரியில படிச்ச சோலி இந்த ஊரு வண்டிக்கு உதவாதுன்னு மூணு வருஷம் நானே நம்பிக்கிட்டு இருந்திருக்கேன்.

அதுக்குப் பிறகுதான் பதான் ஆளுங்ககிட்ட உருது பேசப் பழகி, இன்டஸ்ட்ரியல் ஏரியாவுல ஒரு கராஜுல சேர்ந்தேன். மலையாளம் நமக்குச் சொல்லித்தர வேண்டாமே. இன்னைக்கு நாலு பசங்க எனக்கக் கீழே பழகுறாங்க. ஆனா இப்ப வாற நம்ம பசங்க பலபேரு வந்த வருஷமே லோன் போட்டு புது வண்டி எடுத்து, அதுல சாஞ்சு நின்னு ஊருக்குப் போட்டோ அனுப்புறாங்க. ஆயில் அளவு குச்சி எங்க இருக்குன்னு தெரியாது. நீ பழசு வாங்கினது தப்பே இல்ல. ஊர்க்காரர்ங்கிற ஒரே காரணத்துக்காக ஸ்கேன் போடாம வாங்கினதுதான் தப்பு. அவரும் தெரிஞ்சேதான் வித்திருப்பாருன்னு சொல்லமாட்டேன். ஆனா கேக்கக் கூச்சப்படாதே.

ஸ்கேன் போட்டு என்ன நம்பர் வருதுன்னு எழுது. காயில் இடம் மாத்தின பிறகு எது வருதுன்னும் எழுது. அதுவரைக்கும் ஒரு திர்ஹம்கூட யாருக்கும் கொடுக்காதே.