ப்ராக்ஸிகளை எண்ணினால் கோரம் வராது

40 பங்குதாரர்கள் உள்ள பப்ளிக் லிமிடெட் கம்பெனி. பொதுக்கூட்டத்துக்கு நேரில் 3 பேர், ப்ராக்ஸி (வராத பங்குதாரருக்குப் பதிலாக அனுப்பப்பட்டவர்) 9 பேர், மொத்தம் 12, தீர்மானம் செல்லுமா என்று கேட்டிருக்கிறீர்கள். செல்லாது. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 103-இன்படி 1000 உறுப்பினர் (பங்குதாரர்) வரை உள்ள பப்ளிக் கம்பெனிக்கு 5 உறுப்பினர்கள் நேரில் இருக்க வேண்டும். கூட்டம் செல்லத் தேவையான இந்தக் குறைந்தபட்ச எண்ணிக்கைதான் கோரம். ப்ராக்ஸி கணக்கில் சேராது. ஆனால் அந்த 9 பேரில் யாராவது, பங்கு வைத்திருக்கும் வேறொரு கம்பெனியின் போர்டு தீர்மானத்தோடு பிரிவு 113-இன்கீழ் வந்த பிரதிநிதியா என்று பாருங்கள். அவர் நேரில் வந்த உறுப்பினராகவே எண்ணப்படுவார். பலர் ப்ராக்ஸியையும் இந்தப் பிரதிநிதியையும் குழப்பிக்கொள்கிறார்கள். அப்படி இருவர் இருந்தால் கணக்கு சரியாகிவிடும்.

இல்லையென்றால், குறித்த நேரத்திலிருந்து அரை மணி காத்திருந்து, அடுத்த வாரம் அதே கிழமை, அதே நேரம், அதே இடத்துக்குக் கூட்டத்தைத் தள்ளியிருக்க வேண்டும். அதற்கும் குறைந்தது 3 நாள் நோட்டீஸ் உண்டு. இதைத்தான் பெரும்பாலும் மறக்கிறார்கள். அந்தக் கூட்டத்திலும் அரை மணிக்குள் 5 பேர் சேராவிட்டால், வந்த உறுப்பினர்களே கோரம். உறுப்பினர்களே கோரிக்கை கொடுத்துக் கூட்டியதென்றால் தள்ளிவைப்பே கிடையாது, ரத்துதான்.

முதலில் உங்கள் ஆர்ட்டிகிள்ஸை (கம்பெனியின் உள்விதிகளை) புரட்டுங்கள். அதில் 5-ஐவிடப் பெரிய எண் இருந்தால் அதுவே பொருந்தும்.