பயத்தை விரட்டாதீர்கள், விசாரியுங்கள்

கேள்வி: முன்னேற வேண்டுமானால் பயத்தை அடியோடு ஒழிக்க வேண்டும் என்கிறார்களே, பயத்தால் ஏதாவது நன்மை உண்டா?

உண்டு. பயம் அடியோடு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவ உலகில் ஓர் உதாரணமே இருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளில் எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டுமே குறிப்பிடப்படும் ஓர் அமெரிக்கப் பெண். அரிய மரபணு நோய் ஒன்றால் அவர் மூளையில், பயத்தை எழுப்புவதில் முக்கியமான அமிக்டலா என்ற பகுதி இரு பக்கமும் சிதைந்துவிட்டது. பாம்பென்றாலே பிடிக்காது என்று சொல்லிவந்தவரை ஆராய்ச்சியாளர்கள் பாம்பு விற்கும் கடைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே ஒன்றைக் கையில் வாங்கி வருடினார். அதைவிடப் பெரிய, ஆபத்தான பாம்புகளையும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஒரு முறை பூங்காவில் ஒருவன் அவர் கழுத்தில் கத்தி வைத்தான். மறுநாளும் அதே வழியாக நடந்து போனார். இதை வீரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எச்சரிக்க வேண்டிய ஆள் உள்ளே இல்லை, அவ்வளவுதான்.

அதனால் ‘பயமே கூடாது’ என்ற உபதேசத்தை நான் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுகிறேன். பயம் வந்தால், எதற்கு என்று கேட்பதுதான் என் வழக்கம்.

என் வேலையில் அவ்வப்போது ஒரு குழுவின் முன் நின்று திட்ட அறிக்கையை விளக்க வேண்டியிருக்கும். முதல் நாள் மாலையே வயிற்றைப் பிசையத் தொடங்கிவிடும். ஒரு தாளை எடுத்து, பயப்படுவது எதற்கு என்று எழுதுவேன். ‘கூட்டம்’ என்று எழுதினால் போதாது. அதை அடித்துவிட்டு இன்னும் குறிப்பாக எழுத வேண்டும். கடைசியாக ஒரு முறை வந்து நின்றது இது: ‘ஏழாம் பக்கத்தில் உள்ள செலவு மதிப்பீட்டை நிதிப் பிரிவினர் பிடித்துக்கொள்வார்கள்.’ மற்ற பக்கங்களை விட்டுவிட்டு ஏன் ஏழாம் பக்கம்? அந்தத் தொகையை நான் கணக்கிடவில்லை, இன்னொருவர் கொடுத்தது. ஆக, வயிறு சொன்னது சரிதான். உட்கார்ந்து அந்தக் கணக்கை அடியிலிருந்து போட்டுப் பார்த்தேன். பயம் பாதி இறங்கியது. மீதிப் பாதி எப்போதும் என்னோடு மேடைவரை வரும். அதோடு எனக்குச் சண்டை இல்லை.

இதையே பெரிய அளவில் செய்தவர்கள் விமானிகள். 1935 அக்டோபரில், அமெரிக்க ராணுவத்துக்காக போயிங் செய்த மாடல் 299 என்ற குண்டுவீச்சு விமானம் சோதனைப் பறப்பில் கிளம்பிய உடனே விழுந்து நொறுங்கியது. இயந்திரக் கோளாறு எதுவும் இல்லை. தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாமல் இருக்க வால் பகுதியில் போடும் பூட்டை எடுக்க மறந்திருந்தார்கள். ஓட்டியவரோ அனுபவம் மிகுந்த விமானி. அவருக்கே மறக்கும் என்றால் யாருக்கும் மறக்கும் என்ற பயம்தான், புறப்படும் முன் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் பட்டியலாக மாறியது. இன்றும் அந்தப் பழக்கம் இல்லாமல் எந்தப் பயணி விமானமும் கிளம்புவதில்லை. ‘தைரியமாக ஓட்டுங்கள்’ என்று விமானிகளுக்குச் சொற்பொழிவு நடத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அளவு முக்கியம். 1908-இல் யெர்க்ஸ், டாட்சன் என்ற உளவியல் ஆராய்ச்சியாளர்கள் இருவர் எலிகளுக்குச் சரியான வழியைத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள், தவறினால் மின்னதிர்ச்சி. கடினமான பாடத்தை எலிகள் வேகமாகக் கற்றது நடுத்தர அதிர்ச்சியில்தான். அதிர்ச்சி கூடியபோது கற்பது மந்தமானது. எலிக்குச் சொன்னதை மனிதனுக்கு அப்படியே பொருத்திவிட முடியாதுதான். ஆனால் பரீட்சை அறையில் கை நடுங்கி, தெரிந்த விடையே மறந்துபோனவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. தூக்கத்தையும் சாப்பாட்டையும் வாரக்கணக்கில் கெடுக்கும் பயத்துக்குத் தாளும் பேனாவும் போதாது, மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொரு வகை உண்டு. தாளை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் எழுத எதுவும் கிடைக்காது. முன்பின் தெரியாதவர்களுக்குத் தொலைபேசியில் பேசப் பயம், கூட்டத்தில் கை தூக்கிக் கேள்வி கேட்கப் பயம் என்பதெல்லாம் பெரும்பாலும் இந்த ரகம். இங்கே பயம் எந்தக் குறையையும் சுட்டவில்லை. பழக்கமில்லை என்பதை மட்டுமே சொல்கிறது. ஒவ்வொரு முறை தவிர்க்கும்போதும் உடனே ஒரு நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே கூலியாகி, அடுத்த முறையும் தவிர்க்கச் சொல்கிறது. இப்படித்தான் சின்னப் பயம் வளர்கிறது. மனநல மருத்துவத்தில் இதற்குச் செய்வது, பயப்படும் காரியத்தைச் சிறு சிறு அளவில் எதிர்கொள்ள வைப்பது. தொலைபேசிப் பயம் உள்ளவர் சம்பள உயர்வு கேட்கும் அழைப்பில் தொடங்க வேண்டியதில்லை. ஒரு நூலகத்தை அழைத்து எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடலாம். நாளைக்கு இன்னொரு நூலகம்.